லிஃப்ட்காரியின் கடைசி லெவல்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் யாராவது நின்றால் கை ஓடாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி வேலை பார்த்தால், இன்னொருவர் உச்சியில் மோட்டார் அறையில் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குரல் கொடுத்தால் நிறுத்துவதற்கு ஓர் ஆள். மாமா அந்த விதியைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. கம்பெனி துணைக்கு அனுப்பும் ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தனியாக ஏறிவிடுவார். "அவனுக்குச் சொல்லிப் புரியவைக்கிற நேரத்துல நான் வேலையையே முடிச்சுடுவேன்" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வீட்டிலும் அதே கதைதான். விளக்கு மாட்டினாலும் தனியாக, குழாய் கழற்றினாலும் தனியாக, கோபித்துக்கொண்டாலும் தனியாக. அக்கா அவரோடு வாழ்ந்தாள் என்று ஊருக்காகச் சொல்லலாம். அவருக்குப் பக்கத்து அறையில் வாழ்ந்தாள் என்பதுதான் நிஜம். நான் இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்து கொடுப்பவள் நான். கண் நன்றாக இருந்தும் பார்க்காதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பக்கத்து அறையில் அக்கா என்ன செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு டாக்சி கம்பெனியில் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். வழி தெரியாமல் நிற்கும் ஓட்டுநர்களுக்கெல்லாம் நாள் முழுக்க வழி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். இருட்டான தாழ்வாரங்களில் நடந்து, சுவிட்சைத் தட்டி, கதவைத் திறந்து, வெளியே போகும் வழியைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. அதை விற்ற கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ஆனால் அதை விட மனசில்லாத ஒரு கூட்டம் எங்கெங்கோ சிதறிக் கிடந்தது. அவர்களே புதிது புதிதாக லெவல்களைக் கட்டி, இணையத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லெவல் என்றால் சுவர், படி, வெளிச்சம், புதிர் எல்லாம் வைத்து ஓர் ஆள் தன் கையால் எழுப்பும் முழுக் கட்டடம். அக்கா அப்படி நிறையக் கட்டினாள். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு நல்ல பேர்.

மாமா வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பார். "என்ன, இன்னும் பொம்மை வெளையாட்டு முடியலையா?" என்பார். உள்ளே ஒரு கால் வைத்ததில்லை. அந்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டு விசைப்பலகைகள், இரண்டு நாற்காலிகள் இருந்தன. கடைசி ஒரு வருடம் அக்கா இந்த நாற்காலியிலிருந்து எழுந்து அந்த நாற்காலிக்கும், அங்கிருந்து திரும்ப இங்கும் மாறி மாறி உட்கார்ந்துகொண்டே இருந்தாள். முதுகு வலி போலிருக்கிறது என்று நினைத்து மாமா நாற்காலியில் போட ஒரு மெத்தை வாங்கி வந்தார். ஒரே ஒரு மெத்தை. அவள் அதையும் தூக்கிக்கொண்டு நாற்காலி மாறினாள்.

சாப்பிடும்போது அவரிடம் ஏதாவது கேட்பாள். "பெட்டி நடுவுல நின்னுடுச்சுன்னா உள்ள இருக்கறவருக்கு என்ன சத்தம் கேக்கும்?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? சாப்பிடு."

ஒருமுறை அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு ஒன்று காணாமல் போனது. தேடிக்கொண்டு வாசற்படிக்கு வந்து பார்த்தால் அக்காவின் விசைப்பலகைமேல் இருந்தது. தொழில் சாமான் என்ன விளையாட்டுச் சாமானா என்று அங்கே நின்றபடியே சத்தம் போட்டார். அவள் எழுந்து வந்து அதை அவர் கையில் கொடுத்தாள். எதற்கென்று சொன்னால் மட்டும் உள்ளே வந்து பார்த்திருக்கவா போகிறார்.

பிறகு நோய் வந்தது. வந்த வேகத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில், பேசவே மூச்சு போதாத நிலையில், அவள் மாமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு லெவல் கட்டி முடிச்சிட்டேன். ஒரே ஒரு தடவ ஆடிப் பாருங்க."

"நீ முதல்ல வீட்டுக்கு வா. பாக்கலாம்."

"பாக்கலாம்னா? பாப்பேன்னு சொல்லுங்க."

"பாப்பேன். சத்தியமா."

அவள் சட்டையை விட்டாள். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கிளம்பிய பின் அந்த மனுஷன் முதன்முதலாக அந்த அறைக்குள் போனார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

விளையாட்டு திறந்தது. அவளுடைய பழைய லெவல்கள் எல்லாம் ஓடின. கடைசி லெவல் மட்டும் ஓடவில்லை. பெயரைத் தட்டினால் திரை கறுத்துப் போகும். வட்டு கொஞ்சம் சுற்றும். பிறகு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விளையாட்டு மூடிக்கொண்டு பழைய திரைக்கே வந்துவிடும்.

"கதவு மூடுது, பெட்டி நகரல, கதவு திரும்பத் திறக்குது. அவ்வளவுதான்" என்றார் மாமா. "எங்கயோ ஒரு கான்டாக்ட் விட்டிருக்கு. ஒண்ணு ஒண்ணாப் பாத்தா மாட்டிக்கும்."

லிஃப்டில் அப்படித்தான். எந்த மாடியிலாவது ஒரு கதவு மயிரிழை சரியாக மூடாமல் இருந்தாலும் பெட்டி நகராது. மாடி மாடியாக இறங்கிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அவர் அதே பொறுமையோடு இறங்கினார். ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் போய், தன் பெயரையும் தொழிலையும் போட்டு, ஒரு லெவல் ஓட மறுக்கிறது என்று கேட்டார். முகம் தெரியாதவர்கள் நல்ல மனசோடு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கூடுதல் படக் கோப்பை முதலில் ஏற்று, லெவலைப் பின்னால் ஏற்று. விளையாட்டின் இந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டு அதற்கு முந்தியதைப் போடு. கோப்பின் பெயரைச் சுருக்கு. எல்லாம் செய்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து அதில் ஏற்றினார். அதில் விளையாட்டே திறக்கவில்லை. திரும்பப் பழையதற்கே வந்தார். கறுப்புத் திரை, பழைய திரை. கறுப்புத் திரை, பழைய திரை.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மற்ற லெவல்கள் ஓடுகின்றன, இது மட்டும் ஓடவில்லை என்றால் இது ரொம்பப் பெரிசாக இருக்க வேண்டும். மெஷினுக்குத் தெம்பு போதவில்லை. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு மெஷின் சும்மா நிற்கிறதே? பழுதாகி நிற்கும் லிஃப்டின் உதிரியைக் கழற்றி ஓடுகிற லிஃப்டுக்குப் போட்டே காலம் தள்ளியவர் அவர். இரண்டு இருந்தால் ஒன்று ஸ்பேர். அவர் தொழிலில் அதுதான் வேதம். இரண்டாவது கம்ப்யூட்டரைத் திறந்து மெமரியைப் பிடுங்கினார், பவர் சப்ளையைப் பிடுங்கினார், டிஸ்ப்ளே கார்டைப் பிடுங்கினார். இரண்டையும் இணைத்திருந்த நீல ஒயரை உருவி, அதைக் கொண்டு பழைய செய்தித்தாள்களைக் கட்டிப் பரணில் போட்டார். வெறும் தகரக் கூடு மூலைக்குப் போனது.

அப்போதும் ஓடவில்லை.

அதற்குப் பிறகுதான் மனுஷன் உடைய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். போன வாரம் வைத்துவிட்டு வந்தது மூடி திறக்காமல் அப்படியே இருக்கும். தாடி வளர்ந்து, சட்டை தோளில் தொங்கி, ஆளே பாதியாகிவிட்டார். வேலையிலும் கெட்ட பேர். ஒரு நாள் பெட்டியின் தலைமேல் தனியாக நின்றவர், லிஃப்ட் வேலை நடக்கிறது என்று கீழே பலகை வைக்க மறந்துவிட்டார். யாரோ பொத்தானை அமுக்க, பெட்டி அவரோடு மேலே கிளம்பியது. கூரைக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தபோது எப்படியோ நிறுத்தியிருக்கிறார். மேற்பார்வையாளர் எனக்குப் போன் செய்தார்.

"நிறுத்தற சுவிட்சு அவர் கைக்குப் பக்கத்துலதாங்க இருந்துச்சு. ஆனா அவர் உடனே கை நீட்டலைன்னு கண்ணாடிச் சுவர் வழியாப் பாத்தவங்க சொல்றாங்க. கொஞ்சம் கவனிச்சுக்கோங்க."

அன்று கடையைப் பாதியில் மூடிவிட்டு ஓடினேன். அவர் அந்த அறையில்தான் இருந்தார். கறுப்புத் திரை, பழைய திரை.

"மாமா, போதும். விட்டுடுங்க. ஓடலைன்னா ஓடல. அக்கா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உயிரோட இருந்தப்ப உள்ள வந்து ஒரு தடவ பாத்திருக்கலாமே? அப்ப கால்ல என்ன முள்ளா குத்தியிருந்துச்சு?"

நான் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கேட்கத்தான் வேண்டும். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் அவளுக்குன்னு பண்ண ஒப்புக்கிட்டது இது ஒண்ணுதான். இதையும் பண்ண முடியலைன்னா, நான் எதுக்கு இருக்கேன்னு எனக்கே தெரியல."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியவள் மாதிரி நின்றேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"அந்தக் கூட்டத்துல அக்காவோட சிநேகிதங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"எல்லாரையும்தான் கேட்டேன்."

"லிஃப்ட்காரி கட்டின லெவல்னு சொன்னீங்களா?"

அவர் திரும்பினார். "யாரு லிஃப்ட்காரி?"

"அக்காதான். அங்க எல்லாருக்கும் ஒரு புனைபேரு உண்டு. அவ அந்தப் பேருலதான் எல்லாத்தையும் கட்டினா. உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. நாற்காலியிலிருந்து எழுந்தவர் எங்கே போவதென்று தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "லிஃப்ட்காரி" என்று ஒருமுறை சொன்னார். திரும்ப ஒருமுறை சொன்னார். அந்தக் கூட்டத்தில் அவள் சமையல்காரி என்றோ போன்காரி என்றோ பேர் வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் தொழிலை எடுத்துத் தன் பேராக்கிக்கொண்டிருக்கிறாள்.

நானே அந்த இணையப் பக்கத்தில் அவர் கணக்கில் எழுதினேன்: இது லிஃப்ட்காரியின் கடைசி லெவல், ஓடவில்லை, தெரிந்தவர்கள் என் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நான் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் மணி அடித்தது. தன்னைத் தவளை என்று சொல்லிக்கொண்ட ஓர் ஆள். குரலில் நடுத்தர வயது.

"லிஃப்ட்காரி எப்படி இருக்காங்க? ரொம்ப நாளா ஆளையே காணோமே?"

நான் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாமாவும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தேன்.

"அந்த லெவலை ஒருத்தர் திறக்க முடியாதுங்க" என்றார் தவளை. "அது ரெண்டு பேர் ஆடறது. ஒருத்தருக்கான ஆரம்ப இடத்தை அவங்க வைக்கவே இல்ல. ரெண்டு மெஷினையும் ஒயர் போட்டு இணைச்சு, ரெண்டு பேரும் உள்ள வந்தாத்தான் திறக்கும். தனியா ஆடறவங்களுக்காக ஒரு வழி வைங்கன்னு நாங்க எல்லாரும் கெஞ்சினோம். முடியவே முடியாதுன்னுட்டாங்க. சோதிச்சுப் பாக்கக்கூட ஆள் சேர்த்துக்கல. ரெண்டு நாற்காலியிலயும் நானே மாறி மாறி உக்காந்து பாத்துக்கறேன், முதல் தடவையா என் வீட்டுக்காரரோடதான் ஆடணும்னு சொன்னாங்க. அவரோட ஆடிட்டாங்களா?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"அவர்தாங்க பக்கத்துல இருக்காரு" என்றேன்.

மாமா மூலையில் கிடந்த தகரக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அதை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜைமேல் பழைய இடத்தில் வைத்தார். நாற்காலியில் கிடந்த மெத்தையை எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டார். "முதுகு வலின்னு நினைச்சேன்" என்றார். "முதுகு வலின்னு நினைச்சேன், சின்னவளே." என்னால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை.

பிடுங்கியதையெல்லாம் திரும்பப் போட்டார். பரணில் ஏறிச் செய்தித்தாள் கட்டை அவிழ்த்து நீல ஒயரை எடுத்து வந்தார். இரண்டாவது கம்ப்யூட்டர் கீச் கீச் என்று கத்தியதே தவிர உயிர் பெறவில்லை. மெமரியைக் கழற்றி அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்தார், ஊதினார், செருகினார். கத்தியது. திரும்பக் கழற்றினார். செருகும்போது இடம் தப்பியது. எத்தனையோ லிஃப்டைக் கழற்றி மாட்டிய கை. "நானே கெடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். "ஓடிக்கிட்டிருந்ததை நானே கெடுத்துட்டேன்." நானும் மனசுக்குள் கெஞ்ச ஆரம்பித்தேன். யாரிடம் என்று தெரியவில்லை. அக்காவிடமாகத்தான் இருக்கும்.

சாயங்கால வெயில் ஜன்னலில் இறங்கும்போது அந்தக் கத்தல் நின்றது. திரையில் எழுத்து ஓடியது.

அவர் ஒன்றில் உட்கார்ந்து லெவலைத் திறந்து வைத்தார். எழுந்து மற்றதில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டார். இரண்டு திரைகளும் ஒன்றாகக் கறுத்தன. பிறகு இரண்டிலும் வெளிச்சம் வந்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில்.

ஒரு திரையில் மோட்டார் அறை. பெரிய சக்கரம், கம்பிக் கயிறு, ஒரு நெம்புகோல், அவரிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு அவளே தேடித் தெரிந்துகொண்ட எல்லாம். சுவரில் "லிஃப்ட்காரி" என்று எழுதியிருந்தது. இன்னொரு திரையில் லிஃப்ட் பெட்டியின் உள்பக்கம். கதவுக்கு மேலே எழுதியிருந்தது: "இன்னிக்கு நீங்க உள்ள நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

மாமா மோட்டார் அறை நாற்காலிக்குப் போய் நெம்புகோலுக்கான பொத்தானை அமுக்கினார். அடுத்த திரையில் பெட்டி கிளம்பியது. விரலை எடுத்துவிட்டு மற்ற நாற்காலிக்கு ஓடினார். பெட்டி நின்றுவிட்டது. மேலே ஏறும்வரை அந்தப் பொத்தானை விடாமல் பிடித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. திரும்ப ஓடினார், அமுக்கினார், இங்கே வந்தார். நின்றுவிட்டது. எனக்கு அக்கா இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது கண்ணில் நின்றது.

அவர் சட்டென்று வெளியே போய்த் தன் கருவிப் பெட்டியைத் திறந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து வந்தார். பொத்தானின்மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டி கிளம்பியது. அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். அதைத்தான் இவர் திட்டி வாங்கிப் போயிருக்கிறார்.

பெட்டி ஏறும் திரையின் முன் போய் உட்காராமல், அவர் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்துவிட்டார். பெட்டி நடுவில் நின்றது.

"சின்னவளே," என்றார். "இங்க வா. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ."

அந்த மனுஷன் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன்.

"விட்டுடாத."

"விட மாட்டேன் மாமா. நீங்க போங்க."

அவர் பெட்டிக்குள் நின்று மேலே போனார். ஒவ்வொரு மாடியாகக் கடந்தது. நடுவில் பெட்டி லேசாகக் குலுங்கி ஒரு சத்தம் வந்தது. "இதே சத்தம்தான்" என்றார் மாமா. "இதைத்தான் கேட்டா." உச்சியில் கதவு திறந்தது. எதிரே இந்த அறையே இருந்தது. அதே ஜன்னல், அதே இரண்டு மேஜைகள், இரண்டு நாற்காலிகள். அவர் வாசற்படிக்கு வந்து நின்றார். பின்னால் கதவு மூடிக்கொண்டு வந்து அவரை உள்ளே தள்ளியது. படியில் நிற்க அவள் இடமே வைக்கவில்லை. அவர் உள்ளே போய் நாற்காலியருகே நின்றதும் வெளிச்சம் மெல்லக் குறைந்தது. லெவல் முடிந்துவிட்டது. இரண்டு திரைகளும் பழையபடி ஆயின.

"ஓடுச்சு இல்ல?" என்று கேட்டார்.

"ஓடுச்சு மாமா."

"பாத்துட்டேன்" என்றார். திரையைப் பார்த்தார், காலியான வாசற்படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாத்துட்டேன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். அந்தப் பொத்தானிலிருந்து நான் இன்னும் விரலை எடுக்கவில்லை.